பிளீச்சும் இரும்பு நாரும் எவர்சில்வருக்கு ஆகாது

தம்பி, சிங்கப்பூருக்கு வந்து ஜூரோங் வெஸ்டில் நாலறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது, சமையலறையிலுள்ள புது எவர்சில்வர் தொட்டியில் அதற்குள் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன, தினமும் பிளீச் ஊற்றித் தேய்த்தும் அவை கூடிக்கொண்டே போகின்றன, வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொள்வாரா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைக்கு எந்தப் பள்ளி நல்லது, மாதம் எவ்வளவு செலவாகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பள்ளியைப் பற்றி அங்கே பிள்ளைகளைச் சேர்த்தவர்களிடம் கேளுங்கள். செலவு அவரவர் கைப்பழக்கம். தொட்டியைப் பற்றிச் சொல்லத்தான் என்னிடம் நிறைய இருக்கிறது, ஏனென்றால் இதே தவறுக்காகச் சம்பளத்தில் அறுபது வெள்ளியை, அதாவது அறுபது சிங்கப்பூர் டாலரை, பறிகொடுத்தவன் நான்.

1996-இல் தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையலறை எடுபிடியாக வந்து சேர்ந்தேன். நான் வந்த இரண்டாம் வாரம் முதலாளி ஆளுயர நீளத்தில் ஒரு எவர்சில்வர் மேசையை வாங்கிப் போட்டார். இரவு கடை மூடியதும் அதைத் துலக்குவது என் பொறுப்பு. மஞ்சள் கறை ஒன்று போகாமல் அடம்பிடித்தது. ஊரில் அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கிற மாதிரி இரும்பு நாரை எடுத்து வட்ட வட்டமாகத் தேய்த்தேன். அதுவும் போதாதென்று தண்ணீர் கலக்காத பிளீச்சை ஊற்றி, விடியும்வரை ஊறட்டும் என்று படுக்கப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் மேசை நெடுகக் கடுகைச் சிதறவிட்டதுபோல் பழுப்புப் புள்ளிகள். ஈப்போவிலிருந்து வந்திருந்த மூத்த சமையற்காரர், நாங்கள் பெரியண்ணன் என்று கூப்பிடுபவர், ஒரு புள்ளியின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, “தோலை உரிச்சிட்டியேடா” என்றார்.

அவர் சொன்ன தோல் உண்மையிலேயே உண்டு என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. எவர்சில்வர் என்று நாம் பெயர் வைத்துக்கொண்டாலும் அது வெள்ளியும் அன்று, என்றும் மாறாததும் அன்று, பெரும்பங்கு இரும்புதான். அதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்திருப்பதால், காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டவுடன் குரோமியம் ஆக்சைடு மேலே ஒரு படலமாகப் படிந்து, உள்ளே இருக்கும் இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்குகூட வராத அந்தப் படலம் கீறப்பட்டால் தானே மீண்டும் வளரும். ஆனால் உப்பிலும் பிளீச்சிலும் இருக்கும் குளோரைடு அதில் ஊசிமுனை அளவுக்குத் துளை போட்டுவிட்டால், துளைக்குள் அரிப்பு தொடர்ந்து நடந்து குழியாகிவிடும். பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட்டு. அதைத் தினமும் ஊற்றுவது, காய்ச்சல்காரனைக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி ஏன் இன்னும் நடுங்குகிறான் என்று கேட்பது போன்றது.

இரும்பு நாரின் கேடு வேறு வகை. அதன் நுண்ணிய துகள்கள் தொட்டியில் ஒட்டிக்கொண்டு, ஈரத்தில் அவை துருப்பிடிக்கின்றன; பார்ப்பவருக்குத் தொட்டியே துருப்பிடித்ததாகத் தெரியும். ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் இந்த ஊரில், இரவு துடைக்காமல் விட்ட தொட்டி காலையிலும் ஈரமாகத்தான் இருக்கும். கருவாட்டை ஊறவைத்த தண்ணீர், ஊறுகாய்க் கரண்டி, சோயா சாஸ் சிந்திய தட்டு என்று உப்புள்ள எதையும் இரவு முழுவதும் தொட்டியில் போட்டு வைக்காதீர்கள். சோற்றுக்கும் நூடுல்சுக்கும் உலை வைக்கும்போது தண்ணீர் கொதித்த பிறகே உப்பைப் போடுங்கள். குளிர்ந்த நீரில் போட்ட கல்லுப்பு கரையாமல் அடியில் தங்கி, அங்கேயே சட்டியைக் குழி பறிக்கும்.

இப்போது உங்கள் புள்ளிகளுக்கு வருகிறேன். முதலில் பிளீச்சை நிறுத்திவிட்டு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். ஆப்பசோடாவைச் சிறிது தண்ணீரில் குழைத்துத் தடவி, கால் மணி நேரம் விட்டு, மென்மையான துணியால் தேய்த்துவிடுங்கள். தொட்டியின்மேல் விளக்கு வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் நுண்கோடுகள் தெரியும். துணி அந்தக் கோட்டோடு போக வேண்டும், குறுக்கே போகக் கூடாது. அதற்கும் போகாத துருவுக்கு ஆக்சாலிக் அமிலம் கலந்த துலக்கும் தூள் கிடைக்கிறது. கையுறை போட்டு, தூளின் உறையில் சொல்லியிருக்கும் நேரத்துக்கு மேல் விடாமல் கழுவிவிடுங்கள். வெள்ளைத் திட்டுகள் நீரில் உள்ள சுண்ணாம்பு, அதற்கு வினிகர் போதும். ஆனால் வினிகரையோ வேறு அமிலத்தையோ பிளீச்சோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். சன்னலைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டிருக்கும் வீட்டில், பிள்ளை வேறு இருக்கிறது, அது விளையாட்டான காரியம் அன்று.

இங்கே இருபது ஆண்டு ஆனவர்களும் இதைக் கற்றுக்கொண்டபாடில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். பணிப்பெண்ணிடம் எல்லாவற்றுக்கும் ஒரே போத்தல் பிளீச்சைக் கொடுத்துவிட்டு, தொட்டி புள்ளி விழுந்ததும் அந்தப் பெண்ணைத் திட்டும் வீடுகள் எனக்குத் தெரியும். இன்னொரு கூட்டம் முஸ்தபா பேரங்காடியில் சட்டி வாங்கப் போகும்போது சட்டைப்பையில் காந்தம் கொண்டுபோகிறது. ஒட்டாவிட்டால் முதல்தரம் என்று முடிவு. நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் பெருமையோடு திரிந்தவன்தான். எவர்சில்வர் வகைகளுக்கு எண் உண்டு; 430 வகையில் காந்தம் ஒட்டும், 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ள 304-இல் பெரும்பாலும் ஒட்டாது என்பது சரி. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202-இலும் ஒட்டாது, அது 304 அளவுக்குத் துருவைத் தாங்கவும் தாங்காது. காந்தத்தைவிட அடியில் குத்தியிருக்கும் எண்ணைப் படிப்பது மேல்.

அறுபது வெள்ளி பிடிக்கப்பட்ட அந்த மாதம், பெரியண்ணன் இரவு பதினொன்றரைக்கு என் பக்கத்தில் நின்று, சவர்க்காரத் தண்ணீர், வெறும் தண்ணீர், காய்ந்த துணி என்ற வரிசையில் மேசையைத் துடைக்கவைத்தார். கடைசித் துணி மிகக் காய்ந்ததாக இருக்க வேண்டும், அது மட்டும்தான் அவருடைய பிடிவாதம். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த, அம்மாவின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டிய தூக்குவாளியை நான் இன்றும் அந்த வரிசையில்தான் துடைக்கிறேன். எழுத்துப் புள்ளிகளில் அழுக்கு ஏறியிருக்கிறதே ஒழிய ஒரு துருப்புள்ளி இல்லை.

முன்பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டாண்டு ஒப்பந்தம் என்றால் வழக்கமாக இரண்டு மாத வாடகை வீட்டுக்காரர் கையில் முன்பணமாக இருக்கும், ஆகவே விளையாடாதீர்கள். இயல்பான தேய்மானத்துக்கு வாடகைக்காரர் பொறுப்பில்லை என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். பிளீச்சால் விழுந்த குழியை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். துலக்குவதற்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை படம் எடுங்கள். புள்ளிமேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள்: வழுக்கிப் போனால் அது மேலே படிந்த துரு, ஆப்பசோடாவே போதும். நகம் தட்டினால் அது குழி. அதை மறைக்க எண்ணெய் தடவிக்கொண்டிராமல், வீட்டு முகவரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.