கரையில் கிடந்தது குப்பை இல்லை

அன்புள்ள சார்,

இராமநாதபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். இரண்டு கிரெடிட் சமூக ஈடுபாட்டுப் பாடத்துக்காகப் பிள்ளைகளைப் பாம்பன் பக்கத்து மீனவக் கிராமங்களுக்குக் கூட்டிப் போகிறோம். திரும்பி வந்ததும் அனுபவக் குறிப்பு எழுதச் சொன்னால் 42 பேரும் ‘நிறையக் கற்றுக்கொண்டேன்’ என்றே எழுதுகிறார்கள். அவர்களை உண்மையாக எழுத வைக்க என்ன வழி? மதிப்பெண் எப்படிப் போடுவது?

ம.

அன்புள்ள ம.,

மதிப்பெண்ணை எப்படியாவது போட்டுத் தொலையுங்கள். என்னை உறுத்தியது நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. எந்தத் தேதியில் போனீர்கள்? அதைக் குறித்தது யார்?

கல்லூரிதான் என்று எனக்குத் தெரியும். உங்கள் காலண்டரில் செமஸ்டர் இருக்கிறது. மீனவர்களுடையதில் காற்றும் நிலாவும். விசைப்படகுக்காரர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டுமா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், ஆள் கரையில் இருப்பார். அப்போது உங்களுக்குப் பரீட்சை, அப்புறம் லீவு. கடற்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குப் போவது என்று தாங்களே வகுத்துக்கொண்டவர்கள். மீதி நாளில் போகலாமே! நீங்கள் போன அன்று எத்தனை பெண்கள் ஊரில் இருந்தார்கள் என்று எண்ணினீர்களா?

கோபத்துக்குக் காரணம் உண்டு. 1986இல் நானும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மண்டபம் பக்கம் ஒரு ஊருக்குப் போனேன். மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்த அதே வருஷம். காலையில் ஊரே காலி. மணலில் பழுப்பும் கருப்புமாக ஏதோ பரந்து கிடந்தது, கவிச்சி நாற்றத்தோடு. அலை ஒதுக்கிய குப்பை என்று நினைத்தோம். வாரினோம், குழி வெட்டினோம், மூடினோம். எனக்குக் கை கொப்பளித்துவிட்டது, அதில் ஒரு பெருமை வேறு.

மத்தியானம் வத்தைகள், அதாவது சிறு படகுகள், வந்தன. இறங்கிய பெண்களின் விரல்களில் ஈரத் துணி சுற்றியிருந்தது, பாறையும் பவளமும் கிழிக்காமலிருக்க. நெற்றியில் நீச்சல் கண்ணாடி. ஒரு அம்மா குழி மண்ணைக் கையாலேயே தோண்டி ஒரு பிடி எடுத்தார். அகர் என்ற கூழ்ப்பொருள் எடுக்க மதுரைக்குப் போகும் மரிக்கொழுந்துப் பாசி அது, காயப் போட்டிருந்தது. திட்டவில்லை. ‘தம்பி, குப்பை இல்லப்பா, எங்க உலை அரிசி’ என்றார். அன்று முழுக்க உட்கார்ந்து மண்ணை உதறினோம். ஒட்டிய மணல் போகவேயில்லை. வியாபாரி விலையைக் குறைத்தார்.

முகாம் தேதியை ஊரில் ஒருவரிடமாவது கேட்டுக் குறித்திருந்தால் நாங்கள் அந்தப் பாசி மேல் கை வைத்திருக்க மாட்டோம்.

அனுபவக் குறிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா? என் முகாம் நாட்குறிப்பு இன்னும் இருக்கிறது. அன்றைய பக்கத்தில் ‘கடற்கரையைச் சுத்தம் செய்தோம், மனநிறைவாக இருந்தது’ என்று எழுதியிருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால், வத்தைகள் கரையேறுவதற்குள் எழுதியது. கீழே சிவப்பு மையில் ‘நன்று’ என்று போட்டு எங்கள் சார் கையெழுத்திட்டிருக்கிறார்.