மகுடம் ஏந்திய லேடி மக்பெத்: அந்தக் காட்சி நாடகத்தில் எங்கே?

வணக்கம். ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில் அரியணைக்காகக் கணவனைக் கொலைக்குத் தூண்டும் லேடி மக்பெத்தாக நடிகை எலன் டெர்ரி இரு கைகளாலும் மகுடத்தைத் தலைக்கு மேல் உயர்த்தி நிற்கும் 1889ஆம் ஆண்டு ஓவியத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவதாகவும், அந்தக் கட்டம் நாடகத்தின் எந்த அங்கத்தில் வருகிறது என்று தேடியும் கிடைக்கவில்லை என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். அப்படியொரு கட்டம் ஷேக்ஸ்பியரின் நாடகத்திலும் இல்லை, 1888 டிசம்பர் இறுதியில் லண்டன் லைசியம் அரங்கில் ஹென்றி இர்விங் மேடையேற்றிய தயாரிப்பிலும் இல்லை. முதல் நாள் நிகழ்ச்சியை நேரில் கண்ட ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் தாமே கற்பித்துக்கொண்ட நிலை அது. ஆகவே அங்கம், காட்சி எண் எதையும் தராமல், பாத்திரத்தின் அதிகார வேட்கையை ஒரே அசைவில் திரட்டிக் காட்டும் கற்பனை என்றே எழுதுங்கள்.

ஆடை மட்டும் கற்பனையன்று. ஆலிஸ் காமின்ஸ் கார் வடிவமைத்த அந்தப் பச்சை அங்கியில் ஏறத்தாழ 1,000 வண்டுச் சிறகுகள் (நம் ஊர்ச் சிறுவர்கள் தீப்பெட்டியில் வளர்த்த பொன்வண்டின் உறவினம்தான்) தைக்கப்பட்டிருந்தன. மேடை வெளிச்சத்தில் அது பாம்பின் செதில்போல் மின்ன வேண்டும் என்பதே அவரது நோக்கம். அங்கி இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் டெர்ரி வாழ்ந்த ஸ்மால்ஹைத் இல்லத்தில் இருக்கிறது; ஓவியம் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது.