ரோபோ அணியில் எல்லோருக்கும் கோடிங் வர என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் பள்ளி ரோபோ அணியில் 12 மாணவர்கள். கோடிங் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்களுக்காக ஜாவா வகுப்பு வைத்தோம். மூன்றாவது வாரத்துக்குள் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். போட்டிக்கு இன்னும் ஆறு வாரம். கையில் ஒரே ஒரு ரோபோ. பட்டறையை எப்படி நடத்துவது? பைத்தானுக்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். ஆறு வாரத்தில் மொழியை மாற்றினால், தெரிந்த அந்த இருவரும் தெரியாதவர்கள் ஆகிவிடுவார்கள். மாணவர்கள் விலகியதற்கு ஜாவா காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ரோபோவைத் தொடாமலே மூன்று வாரம் போனதுதான் காரணமாக இருக்கும். நானும் முன்பு ஒரு பட்டறையில் முதல் நாள் முழுவதும் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று பாடம் எடுத்தேன். மறுநாள் ரோபோவைக் கொண்டுவந்து வைத்தபோது யாருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. புதியவருக்கு வேரியபிள் (மாறி), இஃப், ஃபங்ஷன், லூப் (திரும்பத் திரும்ப ஓடும் சுற்று) இந்த நான்கும் போதும். மற்றவை தேவைப்படும்போது தானாக வரும்.

நான்கிலும் லூப்தான் உயிர். கணக்குப் போடும் நிரல் மேலிருந்து கீழே ஒருமுறை ஓடி முடிந்துவிடும். ரோபோ நிரல் அப்படியல்ல: சென்சாரைப் பார், முடிவெடு, மோட்டாருக்குச் சொல், மறுபடியும் பார். ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் என்ற பள்ளி மாணவர் போட்டியின் அணிகள் பயன்படுத்தும் டபிள்யூ.பி.ஐ.லிப் என்ற நிரல் தொகுப்பின் அடிப்படைச் சட்டகத்தில் இந்தச் சுற்று 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 50 முறை நடக்கிறது. அந்தச் சுற்றுக்குள் ஒரு மாணவர் "2 விநாடி காத்திரு" என்று எழுதிவிட்டால், அந்த 2 விநாடியும் ரோபோவுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. ஜாய்ஸ்டிக்கை விட்டாலும் கவனிக்காது. புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு இது. அதனால் இதை வேண்டுமென்றே எழுதச் சொல்லிக் காட்டுங்கள்.

அதற்கு முன் லேப்டாப் இல்லாமல் ஒரு பயிற்சி. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ரோபோவாக நிற்கட்டும். ஒவ்வொரு கைதட்டலுக்கும் "சுவர் எவ்வளவு தூரம்?" என்று ஒரு முறை கேட்டு, ஓர் எட்டு வைக்கலாம், அல்லது நிற்கலாம். அப்புறம் எதையும் கேட்காமல் பத்து எட்டு நடக்கச் சொல்லுங்கள், சுவருக்கு முன்பே பிடித்து நிறுத்திவிடுங்கள். லூப் எதற்கு என்று பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

சரி, ரோபோவுக்கு வருவோம். முதல் பணி ஒன்றே ஒன்று: தரையில் 1 மீட்டருக்கு டேப் ஒட்டி, அந்தக் கோட்டில் ரோபோவை நிறுத்த வேண்டும். முதலில் நேரத்தை வைத்துச் செய்யட்டும்: பாதி சக்தியில் இத்தனை விநாடி ஓடு, நில். இரண்டு மூன்று முயற்சியில் கோட்டில் வந்து நிற்கும், எல்லோரும் மகிழ்வார்கள். அப்போது ஓடிக் களைத்த பேட்டரியை மாட்டி, அதே நிரலை ஓட்டுங்கள். மின்னழுத்தம் குறைந்ததால் ரோபோ கோட்டுக்கு முன்பே நின்றுவிடும். நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, விளைவு மாறிவிட்டது. சென்சார் எதற்கு என்பதை இதைவிட நன்றாக எந்த விளக்கப் படமும் சொல்லாது.

அடுத்து என்கோடர், அதாவது சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் சென்சார். சக்கரத்தின் விட்டம் 10 செ.மீ. என்றால் சுற்றளவு ஏறத்தாழ 31.4 செ.மீ. 1 மீட்டருக்குச் சக்கரம் 3.18 சுற்று சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 360 எண்ணிக்கை தரும் என்கோடர் என்றால், ஏறத்தாழ 1146 வந்ததும் நிற்க வேண்டும். இந்தக் கணக்கை மாணவர்களே தாளில் போடட்டும். அப்படி நிறுத்தினாலும் ரோபோ சறுக்கிக் கோட்டைத் தாண்டும். அந்த இடத்தில்தான், மீதித் தூரம் குறையக் குறைய வேகத்தையும் குறைக்கலாம் என்று யாராவது ஒருவர் சொல்வார். இலக்குக்கும் இப்போதைய நிலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பி.ஐ.டி. என்ற முறையில் உள்ள 'பி' அதுதான். மீதி மீட்டரை 0.8-ஆல் பெருக்கி மோட்டாருக்குக் கொடுத்தால், தொடக்கத்தில் 80 சதவீத சக்தி, பாதி வழியில் 40, கடைசி 10 செ.மீ.க்கு வரும்போது 8. அந்த 8 சதவீதம் உராய்வை வெல்லப் போதாமல், ரோபோ கோட்டுக்குச் சற்று முன்பே நின்றுவிடலாம். ஏன் நின்றது என்று அவர்கள் கண்டுபிடிக்கட்டும், அவசரப்பட்டு 'ஐ', 'டி' இரண்டையும் சொல்லிவிடாதீர்கள். இந்த ஒரே பணிக்கு இரண்டு வாரம் போனாலும் பரவாயில்லை.

ஒரே ரோபோ என்பது உண்மையான சிக்கல்தான். கை, பிடிப்பான் எதுவும் இல்லாமல் இரண்டு மோட்டார், நான்கு சக்கரத்தோடு ஒரு வண்டியைச் சேர்க்க முடிந்தால் பெரிய உதவி. சிமுலேட்டரில் (கணினித் திரையில் ஓடும் மாதிரி ரோபோவில்) தர்க்கத்தைச் சரிபார்த்துவிட்டு ரோபோவுக்கு வரலாம். ஆனால் சறுக்கலும் களைத்த பேட்டரியும் அங்கே அப்படியே தெரியாது. ஒரு லேப்டாப்புக்கு இரண்டு பேர்: ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் அடுத்தது என்ன என்று சொல்ல, 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். தெரிந்த அந்த இரு மாணவர்களும் பட்டறை நேரத்தில் கீபோர்டைத் தொடவே கூடாது. வாயால் மட்டும் உதவலாம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவர்கள் கை வைத்த மறுநிமிடம் மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள்.

நான்காவது வாரத்தை முழுக்கப் பிழை தேடுவதற்கு ஒதுக்குங்கள். நீங்களே ரகசியமாக ஒரு கோளாறு வையுங்கள்: ஒரு மோட்டாரின் திசையை மாற்றுவது, போர்ட் எண்ணைத் தவறாகப் போடுவது, என்கோடர் வயரைக் கழற்றுவது. நிரலைத் திருத்துவதற்கு முன் சென்சார் மதிப்பைத் திரையில் பார்த்தே ஆக வேண்டும் என்பது விதி. இந்த வாரம் மெக்கானிக்கல், வயரிங் மாணவர்களும் உடன் இருக்கட்டும், ஏனென்றால் நிரலில் தேடுகிற கோளாறு பல நேரம் தளர்ந்த கனெக்டரில் இருக்கும். என்கோடர் வயர் கழன்ற ரோபோ, தூரம் இன்னும் பூஜ்யம் என்று நினைத்து நிற்காமல் ஓடும். அதனால் சக்கரம் தரையில் படாதபடி கட்டைமேல் ஏற்றிவைத்து, ஒருவர் கை எப்போதும் நிறுத்தும் பொத்தானில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் இலக்கை அடையாவிட்டால் தானாக நிற்கும் வரியை நிரலில் சேர்ப்பதையும் அன்றே சொல்லிக்கொடுங்கள்.

நிரலின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளில் இரண்டு வேலை தெரிந்தால் இப்போதைக்குப் போதும்: ஓடுகிற நிரலைக் கமிட் செய்வது, அதாவது அந்த நிலையைச் சேமிப்பது, கெட்டுப்போனால் அந்த நிலைக்குத் திரும்புவது.

கடைசி இரண்டு வாரமும் போட்டிக்கான நிரலுக்கு. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சிறு பகுதியைப் பொறுப்பாகக் கொடுங்கள், பிடிப்பானைத் திறந்து மூடுவது போல. ஒரு நாள் அந்த இரு மாணவர்களையும் வராமல் இருக்கச் சொல்லிவிட்டு, மற்ற பத்துப் பேரும் ரோபோவை இயக்கி, ஒரு கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடிகிறதா என்று பாருங்கள். எங்கே திணறுகிறார்களோ அதுவே அடுத்த நாள் பட்டறையின் பாடம்.