கூலிங் டவரில் குளோரின் எட்டாத மூலைகள்

கேள்வி: கூலிங் டவருக்கு (ஏ.சி. இயந்திரத்தின் சூடான நீரை ஃபேன் காற்றில் ஆறவைக்கும் கோபுரம்) இரண்டு பம்ப். ஒன்று ஓடும், மற்றது மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். குளோரின் தவறாமல் போடுகிறோம். ஆனாலும் ஸ்டாண்ட்பை பம்பைப் போட்டதும் பழுப்பாக, வழவழவென்று தண்ணீர் வருகிறது. ஏன்?

பதில்: தண்ணீர் ஓடுகிற இடத்துக்குத்தான் குளோரினும் போகும். சும்மா கிடக்கும் பம்பின் இரு வால்வுகளுக்கு நடுவே உள்ள தண்ணீரில் குளோரின் சில நாளில் தீர்ந்துவிடும். பிறகு குழாய்ச் சுவரில் பாசிபோல ஒரு படலம் பிடிக்கும். லீஜியோனெல்லா கிருமி 20 முதல் 45 டிகிரி வரை பெருகும். டவர் தண்ணீரின் சூடு அதற்குள்தான் அடங்கும். பம்பைப் போட்டதும் அத்தனையும் டவருக்கு ஏறி, ஃபேன் காற்றோடு நுண்துளியாகப் பறக்கும். மூச்சில் போனால் கடுமையான நிமோனியா. 1976இல் ஃபிலடெல்ஃபியா ஹோட்டலில் கூடிய அமெரிக்க லீஜியன் மாநாட்டினரைத் தாக்கியதால்தான் இந்தப் பெயர்.

பம்புகளை வாரம் ஒருமுறையாவது மாற்றி ஓட்டுங்கள், அதுவும் மருந்து போடும் நேரத்தில். மொத்தத் தண்ணீர் 12,000 லிட்டர், பம்ப் நிமிடத்துக்கு 600 லிட்டர் தள்ளும் என்றால் ஒரு சுற்றுக்கு 20 நிமிடம். மூன்று சுற்றாவது ஓடட்டும். இப்போது வந்திருக்கும் பழுப்புத் தண்ணீருக்கு இது போதாது: ஃபேனை நிறுத்தி, மருந்திட்டுச் சுற்றவிட்டு, வடித்து, தொட்டியைக் கழுவுங்கள். கழுவுகிறவர் என்95 முகக்கவசம் இல்லாமல் இறங்கவே கூடாது.

பழைய இயந்திரத்தைக் கழற்றியபின் மூடி போட்டு விட்ட கிளைக்குழாய் இருந்தால், அது பெரிய குழாயிலிருந்து பிரியும் டீ மூட்டிலேயே வெட்டி எடுங்கள். வால்வை மூடுவது தீர்வல்ல, அந்தப் பக்கம் தண்ணீர் அப்படியே கிடக்கும். டவர் தொட்டிகளை இணைக்கும் சமன்குழாயையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் அடிமட்ட வடிகாலை வாராவாரம் தெளிந்த நீர் வரும்வரை திறந்துவிடுங்கள்.

கேள்வி: ஏ.எச்.யூ.வில் (குளிர்காற்றை அறைகளுக்குத் தள்ளும் ஃபேன் பெட்டி) குளிர்சுருளிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கும் வடிதட்டில் சரிவு சரியாக இருந்தும் தண்ணீர் நிற்கிறதே?

பதில்: ஃபேனை நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் குபுகுபுவென்று வடிந்தால், ஃபேனின் உறிஞ்சுவிசைதான் அதைப் பிடித்து வைத்திருந்தது. உறிஞ்சுவிசை 50 மி.மீ. உயரத்துக்கு நீரைத் தூக்கும் அளவு என்றால், தட்டின் வெளிவாய்க்கும் யூ டிராப்பின் (நீர் தேங்கி நின்று காற்றை அடைக்கும் யூ வடிவ வளைகுழாய்) வெளியேறும் மட்டத்துக்கும் 75 மி.மீ. இறக்கம் வேண்டும், டிராப்புக்குள் சுமார் 40 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். குளிரூட்டாத மாதங்களில் டிராப் காய்ந்துவிடும். மறுபடி ஓட்டுமுன் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள்.