மருத்துவமனையில் டாக்டர், நர்ஸ், மற்ற ஊழியர்கள் உண்மையிலேயே ஒரு குழுவாக வேலை செய்கிறார்களா?

தங்கை நர்சிங் சேரப் போகிறாள், வீட்டில் "டாக்டர் சொல்றதைச் செய்யற வேலைதானே, இதுல குழு எங்கே வந்துச்சு" என்கிறார்கள் என்று கேள்வியோடு எழுதியிருக்கிறீர்கள். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் லேபர் வார்டில் வேலை பார்த்தேன். இப்போது ஏற்காட்டுப் பக்கம் வேலை. குழுவாக வேலை நடக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் எல்லா நேரமும் இல்லை. இதை ஒற்றுமையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிறந்தநாளுக்கு கேக் வெட்டிக் கொண்டாடுகிற வார்டிலும் ஓவர் கொடுக்கும்போது, அதாவது ஷிஃப்ட் முடிந்து அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது, பாதி விஷயம் விட்டுப்போகும். முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் அவசரத்தில் கச்சிதமாக வேலையை முடித்ததையும் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவர் கைக்குச் சிந்தாமல் போய்ச் சேர்கிறதா என்பதுதான் விஷயம்.

பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, மலையிலிருந்து கீழே அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் ஓடுகிறது, அதனால் நிலைமை கண்ணெதிரே மாறும். சேலம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனி இறங்கினாலோ ரோட்டில் காட்டெருமை நின்றாலோ இன்னும் தாமதம். எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் இங்கே தனி ஆளாக ஒன்றும் நடக்காது. ஒருவர் வயிற்றில் கை வைத்துக் கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஏற்றுகிற பச்சை வென்ஃபிளான் ஊசிக்குழாய் போட வேண்டும். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்ஸிடோசினை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவர ஒரு ஆள். ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்ஸாமிக் ஆசிட் ஒரு கிராம், பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் போயாக வேண்டும்; எத்தனை மணிக்குப் போட்டோம் என்று அப்போதே எழுதவும் ஆள் வேண்டும்.

அந்த அறையில் ரத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று சரியாகச் சொல்லக்கூடியவர் பல நேரம் ஆயாம்மாதான். துணியை மாற்றுவது அவர். "சிஸ்டர், இது மூணாவது, முழுக்க நனைஞ்சிருச்சு" என்று அவர் சொன்னால் அது தகவல். கண்ணால் பார்த்து மதிப்பிடுகிற நாங்கள் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வோம். நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், அளவு குறித்த விரிப்பில் ரத்தத்தை அளந்து, மசாஜ், மருந்து, டிரிப்ஸ் எல்லாவற்றையும் ஒன்று பலிக்கிறதா என்று காத்திராமல் சேர்த்தே கொடுத்தார்கள். கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. புது மருந்து எதுவும் இல்லை.

அப்புறம் போன். "ஒரு பி.பி.எச். (பிரசவத்துக்குப் பிந்தைய அதிக ரத்தப்போக்கு) கேஸ் அனுப்பறோம்" என்று வைத்துவிட்டால் கீழே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இப்படிச் சொன்னால் தெரியும்: "சிஸ்டர், பிரசவமாகி நாப்பது நிமிஷம், ப்ளீடிங் நிக்கல, பி.பி. 80/50. ரெண்டாவது பிரசவம், ஹீமோகுளோபின் 8, பி நெகட்டிவ். யூட்ரஸ் சுருங்கலைன்னு நினைக்கிறோம். தியேட்டர் ரெடியா வெச்சுக்குங்க, பிளட் பேங்க்ல சொல்லிருங்க." இப்போதைய நிலை, பின்னணி, நான் நினைப்பது, எனக்கு வேண்டியது என்று நாலு பகுதி. எஸ்.பி.ஏ.ஆர். என்பார்கள், அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த முறை. நோயாளியின் ரத்த மாதிரி வராமல் கிராஸ்மேட்ச், அதாவது ஏற்றப்போகும் ரத்தம் அவருக்குப் பொருந்துமா என்ற சோதனை, செய்ய முடியாது. ஆனால் நெகட்டிவ் குரூப் என்று முன்பே தெரிந்தால், ஆம்புலன்ஸ் அடிவாரத்தைத் தொடுவதற்குள் பிளட் பேங்க் டெக்னீஷியன் யூனிட் தேடத் தொடங்கியிருப்பார். வென்ஃபிளான் போடும்போதே மாதிரி எடுத்து, பேர் எழுதி 108 ஆம்புலன்ஸில் வருகிற இ.எம்.டி. (அவசரகால மருத்துவ உதவியாளர்) கையில் கொடுத்தனுப்பினால் இன்னும் கொஞ்ச நேரம் மிச்சம்.

இதில் மூன்றாவது பகுதியில்தான் புது நர்ஸ்கள் தடுமாறுவார்கள். "நான் என்ன நினைக்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்ல யாரும் பழக்குவதில்லை. இரவு போன் செய்தால் எரிந்து விழுகிற டாக்டர்கள் இருந்த ஓர் இடத்தில், "இன்னும் அரை மணி பார்க்கலாம்" என்று சிஸ்டர்கள் தாங்களாகவே தள்ளிப்போடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன்; கத்துகிற ஆளுக்குத் தகவல் தாமதமாகத்தான் வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 விஷயங்கள். அதில் ஒன்று, கத்தி வைக்கும் முன் தியேட்டரில் உள்ள ஒவ்வொருவரும் தன் பேரையும் வேலையையும் சொல்வது. பலரும் கூச்சத்தில் தாண்டிப்போகிற வரி. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளை வைத்து 2014-ல் வெளியான ஆய்வில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. பேச வேண்டிய இடத்தில் பேனாவால் டிக் மட்டும் போட்டால் அப்படித்தான் ஆகும் என்பது என் எண்ணம். பேர் சொல்லிப் பேச ஆரம்பித்த வாய்க்கு, "சார், ஒரு நிமிஷம், கவுன்ட் சரியா வரல" என்று, அதாவது உள்ளே வைத்த துணியும் கருவியும் எண்ணிக்கையில் ஒத்துவரவில்லை என்று, சொல்வது கொஞ்சம் சுலபம்.

குழு ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இல்லை. காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் எந்த கர்ப்பிணி செக்கப்புக்கு வரமாட்டாள், எந்த ஊருக்கு வண்டி போகாது என்பது கிராம சுகாதார செவிலியருக்குத்தான் தெரியும். அவர் முன்கூட்டியே சொன்னால் மேலே எழுதிய பாதி அவசரம் வராது.

தங்கைக்கு மரியாதை கிடைக்குமா என்றால், சில டாக்டர்களிடம் முதல் நாளே கிடைக்கும், சிலரிடம் கடைசி வரை கிடைக்காது. சம்பளமும் தனியாரில் கடுப்பேற்றும், அது வேறு கதை. கல்லூரி பார்க்கும்போது நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தோடு, பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், நைட் டியூட்டி உண்டா, மாணவிகளையே ஓவர் கொடுக்க விடுகிறார்களா என்று அங்கே படிக்கிற பெண்களிடம் கேளுங்கள்.