முகூர்த்தத்துக்கு எத்தனை நாள் முன்னால்? தோல், பல் அழகு சிகிச்சை: கேள்வி பதில்

சேலத்தில் முதலில் ஒரு தோல் கிளினிக், அப்புறம் ஒரு பல் கிளினிக் என்று 16 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். சிகிச்சை செய்பவர் டாக்டர். அதற்கு முன்னால் எதை நிறுத்தணும், வீட்டுக்குப் போய் எதைத் தொடக் கூடாது என்று உட்கார வைத்துச் சொல்வது என் வேலை. அந்த அனுபவத்தில்தான் இந்தப் பதில்கள். மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் உங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியவை.

அம்மாபேட்டையிலிருந்து ஓர் அம்மா: பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். ஐப்பசி பிறந்துவிட்டது. முகத்துக்குப் பீலிங், மேலுதட்டு முடிக்கு லேசர், பல் ஒயிட்டனிங் மூன்றும் செய்யணும். எதை முதலில் ஆரம்பிப்பது?

நல்ல நேரத்தில் கேட்டீங்கம்மா. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்து நிற்கிறவர்கள்தான் அதிகம்.

முதலில் லேசர். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் 4 முதல் 6 வாரம் இடைவெளி வேண்டும். முழுப் பலனுக்கு 6 முதல் 8 தடவையாவது ஆகும். தைக்குள் மூன்று தடவைதான் முடியும். முடி மெலிசாகும், அடியோடு போகாது. இதைப் பொண்ணிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். முதல் தடவைக்கு 4 வாரம் முன்பிருந்தே த்ரெடிங், வேக்ஸிங் கூடாது. லேசர் முடியின் வேரில் இருக்கும் கருநிறத்தைப் பிடித்துத்தான் அதைச் சூடாக்குகிறது. வேரோடு பிடுங்கிவிட்டால் அங்கே லேசருக்கு வேலையே இல்லை. ஷேவ் செய்யலாம். ஷேவ் செய்தால் முடி தடியாக வளரும் என்பது உண்மை இல்லை. நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர் பாதுகாப்பானது. எந்த மெஷின் என்று தயங்காமல் கேளுங்கள். மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறது, தாடையிலும் முடி இருக்கிறது என்றால் முதலில் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று மகளிர் டாக்டரிடம் பாருங்கள். காரணம் உள்ளே இருந்தால் முடி திரும்பத் திரும்ப வரும்.

பீலிங் என்பது அமிலக் கரைசல் தடவி மேல்தோலை உரிய வைப்பது. அதன் கடைசித் தடவை முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் முன்னாலேயே முடியட்டும். நலங்கு வைக்கும்போது மஞ்சளும் சந்தனமும் முகத்தில் ஏறும். புதுத்தோல் அதைத் தாங்காது, எரியும். இரவில் ரெட்டினாய்டு (பருவுக்குப் போடும் வைட்டமின் ஏ வகை) க்ரீம் போடுகிறாள் என்றால் பீலிங்குக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பார்லர் ப்ளீச்சும் அந்த வாரம் வேண்டாம். உதட்டோரம் அடிக்கடி அக்கி போலக் கொப்புளம் வரும் என்றால் மறைக்காமல் சொல்லணும். முன்கூட்டியே வைரஸை அடக்கும் மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் செய்வார்கள்.

பல்லுக்கு முதலில் க்ளீனிங், சொத்தை இருந்தால் அடைப்பது, அப்புறம்தான் ஒயிட்டனிங். அதுவும் இரண்டு வாரம் முன்னால்.

ஐந்து ரோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அக்கா, நேற்றுதான் ஒயிட்டனிங் செய்தேன். பல் சுரீர்னு கூசுது. சாயங்காலம் ஃப்ரெண்ட்ஸோடு தட்டுவடை செட் சாப்பிடலாமா?

வேண்டாம் கண்ணு, இரண்டு நாள் பொறு. தட்டுவடை செட்டைப் பிரித்துப் பார்: அடியில் பச்சைச் சட்னி, மேலே சிவப்புச் சட்னி, நடுவில் துருவின பீட்ரூட்டும் கேரட்டும். கடைக்காரர் விரலெல்லாம் ரோஸ் நிறமாக இருக்கும், பார்த்திருப்பாய். ஒயிட்டனிங் செய்த பல் முதல் 48 மணி நேரம் சாயத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். காபி, டீ, மஞ்சள் போட்ட சாம்பாரும் அப்படித்தான். இட்லி தேங்காய்ச் சட்னி, தயிர் சாதம், தேங்காய்ப்பால் ஊற்றின இடியாப்பம் என்று வெள்ளையாகவே ஓட்டிவிடு.

கூச்சம் பயப்படுகிற விஷயம் இல்லை. அந்த மருந்து பெராக்சைடு. எனாமலைத் தாண்டி உள்ளே போய்த்தான் கறையை உடைக்கிறது, அதனால்தான் நரம்புக்குத் தெரிகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். பொட்டாசியம் நைட்ரேட் இருக்கும் பேஸ்ட் வாங்கிக்கொள், ஐஸ் தண்ணீர் வேண்டாம். ஒரே ஒரு பல் மட்டும் விண் விண் என்று தெறித்தால் டாக்டரிடம் காட்டு.

தொப்பூரிலிருந்து ஒரு தகப்பனார்: பையனுக்கு 19 வயசுங்க. முன்பல்லில் பழுப்புக் கோடு, வெள்ளைத் திட்டு. ஊரில் நிறைய பேருக்கு இப்படித்தான். ஒயிட்டனிங் செய்தால் போய்விடுமா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி, நம் சேலம் மாவட்டத்தின் சில பகுதிகள் எல்லாமே போர் தண்ணீரில் ஃப்ளோரைடு கூடுதலாக இருக்கும் இடங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கணும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பல் ஈறுக்குள் உருவாகிற வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், அதற்கு மேல் ஃப்ளோரைடு இருக்கும் தண்ணீரைக் குடித்தால் எனாமல் சரியாக இறுகாது. முளைக்கும்போதே கறையோடு முளைக்கும். பையன் சரியாகப் பல் தேய்க்கவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால், அது தப்பு என்று அவனிடம் சொல்லுங்கள். எங்களிடம் வந்த ஒரு பையன் பேசி முடிக்கும்வரை கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

வெறும் ஒயிட்டனிங் மட்டும் போதாது. பழுப்பு கொஞ்சம் வெளிறும், ஆனால் வெள்ளைத் திட்டு சில நேரம் இன்னும் எடுப்பாகத் தெரியும். மேலாகப் படிந்த கறையை மெல்லிய அமிலப் பசையால் தேய்த்து எடுக்கும் மைக்ரோஅப்ரேஷன் முறை உண்டு. திட்டுக்குள் ரெசின் என்ற பிசின் போன்ற பொருளை ஊறவைத்து மறைக்கும் முறையும் உண்டு. பல்லைச் சீவி வெனீர் (பல் நிற மெல்லிய தகடு) ஒட்டுவதைக் கடைசியாக வையுங்கள். 19 வயதில் சீவிய பல் திரும்ப வளராது, ஒட்டிய வெனீரையோ பின்னால் மாற்ற வேண்டிவரும். செலவு கவலை என்றால் அரியானூர்ப் பக்கம் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் போர் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே இதற்காக வந்ததுதான். அந்தக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ்: பீலிங் செய்து மூன்று நாள் ஆகிறது. சேலம் வெயிலுக்குப் பயந்து ஏற்காடு போய் ஒரு வாரம் இருக்கலாம் என்று நினைக்கிறோம்.

குளிரும், ஆனால் வெயில் குறையாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். மூடுபனி இருந்தாலும் மெல்லிய மேகத்தைத் தாண்டி வரும். உடம்புக்குச் சூடு தெரியாததால் ஏரிக்கரையில் மணிக்கணக்காக நடப்பீர்கள், திரும்பி வரும்போது கன்னத்தில் கருந்திட்டு இருக்கும். நம் நிறத்தில் அது விழுந்தால் போக மாதக்கணக்காகும். ஒரு வாரம் தள்ளிப் போங்கள். போகிறபோது எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியே இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

கொண்டலாம்பட்டி: பல் க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்கிறார்களே?

ஆடாதுங்க. ஏற்கெனவே ஈறு இறங்கின பல்லைக் காரை (பல்லில் இறுகிப் படிந்த அழுக்கு) பிடித்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. காரையை விட்டுவைத்தால் ஈறு இன்னும் இறங்கும்.

செவ்வாய்ப்பேட்டை: மெடிக்கலில் வாங்கின க்ரீமை இரண்டு வருடமாகப் போடுகிறேன். முகம் பளிச்சென்று இருந்தது. இப்போது ஒருநாள் விட்டாலும் சிவந்து எரிகிறது. பீலிங் செய்தால் சரியாகுமா?

பீலிங் இப்போது வேண்டவே வேண்டாம் தங்கச்சி. ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தாசோன், க்ளோபெட்டாசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. நாள்பட்டால் தோல் மெலியும், சிவப்பு நரம்பு ஓடும், பரு கிளம்பும், அடுப்பு முன்னால் நின்றாலே முகம் தகதகவென்று எரியும். இந்த க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே அரசு ஆணை வந்துவிட்டது. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், சொந்தக்காரப் பெண் சொன்னாள் என்று கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள், தோல் டாக்டர் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பார். மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. ட்யூபைக் கையோடு எடுத்துப் போங்கள். தெளிய மாதங்கள் ஆகலாம், ஆனால் தெளியும். மாநிறத்தில் பிறந்த முகத்துக்கு மருந்து தேவை இல்லை என்று எங்களிடம் வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்கிறேன், உங்களிடமும் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி: பீலிங் செய்து நாலாம் நாள், வாயோரம் வெங்காயச் சருகு மாதிரி உரிகிறது. கையால் எடுத்துவிடலாமா? நாளைக்கு ஆபீஸ் போகணும்.

எடுக்காதீர்கள். கீழே இருக்கும் தோல் இன்னும் பழுக்கவில்லை. பிய்த்த இடத்தில்தான் கருப்பு விழும். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தடவுங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு ஆபீஸ் போங்கள். ஏழாம் நாளுக்குள் தானாக உதிர்ந்துவிடும். மஞ்சளாகப் பொருக்குக் கட்டினாலோ, நீர் வடிந்தாலோ, நீர்க்கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே டாக்டருக்கு போன் போடுங்கள், மறுநாள் வரை வைக்காதீர்கள்.