அகராதியைச் சற்றுத் தள்ளி வையுங்கள்

பிளஸ் ஒன் படிக்கும் நீங்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டியும் ஆங்கிலப் பத்தி பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் சொல்வளத்தில் இல்லை, வாக்கிய அமைப்பில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரவேண்டிய வினை, 'ஹூ', 'விச்' என்று தொடங்கும் துணைத்தொடர் இடையே புகுந்தால் தள்ளிப்போய்விடும். 'தி ஃபார்மர் ஹூ லாஸ்ட் ஹிஸ் க்ராப் இன் தி ஃப்ளட் ரிட்டர்ன்ட் ஹோம்' என்பதில் 'ரிட்டர்ன்ட்' தான் முதன்மை வினை. 'ஹூ' முதல் 'ஃப்ளட்' வரை உழவரைப் பற்றிய விளக்கம். ஆகவே முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாமல், எழுவாயையும் முதன்மை வினையையும் பென்சிலால் அடிக்கோடிட்டபடி பத்தி முழுவதையும் படியுங்கள். பொருள் தெரியாமல் வாக்கியமே நகராத சொற்களை மட்டும் இரண்டாம் வாசிப்பில் தேடுங்கள். நாளிதழ்த் தலையங்கம் இப்போதைக்கு வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலின் துணைப்பாடக் கதைகளிலிருந்து தொடங்குங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.